மூன்று போத்தலும் ஒரு கொப்பியும்

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலை எனக்குச் செங்கண்மாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்தது. டொக்டர் சொல்லவில்லை, நானே தீர்ப்புச் சொன்னேன். சலம் போனால் அப்படியொரு மஞ்சள்! சும்மா மஞ்சள் இல்லை... பெடியள் புத்தகத்தில் கோடு கீறுகிற ஹைலைட்டர் மஞ்சள்.

அதோடு வயிற்றோட்டம் வேறு. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் மோட்டார்சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் இருந்து, என் அலுமாரியைப் பூட்டின திறப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். சிரிக்காதீர்கள். உண்மையாகவே பயந்துபோனேன்.

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு என் ஒற்றைத் தலையிடியைத் தெரியும். முதலில் கண்ணுக்குள் வெளிச்சம் நெளியும். பிறகு இடப்பக்கம் இடிக்கத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வரும். யன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தால், ஒரு தலையிடிக்குப் போய் இவ்வளவு எடுப்போ என்று சனம் கேட்கும். எடுப்பா? அது மூளையோடு சேர்ந்த ஒரு வருத்தம் ஐயா, சாட்டு இல்லை!

இந்தத் தலையிடியால் எனக்கு அடி விழுந்தது வகுப்பில். பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை மேலதிக வகுப்பு — பதினாறு வருஷமாக என்னுடையது. போன வருஷம் பாதிச் சனிக்கிழமை நான் கட்டிலில். அதிபர் நல்ல மனுசன், மெதுவாகத்தான் சொன்னார்: இந்தத் தவணை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுப்போம் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு வந்து வீட்டில் அழுதேன்.

கனடாவில் இருக்கும் தம்பிக்கு இதைச் சொன்னேன். சொன்னால் அவன் சும்மா இருப்பானா? பொங்கலுக்கு வந்த ஒருவரிடம் மூன்று போத்தல் கொடுத்துவிட்டான். ஒன்று மக்னீசியம். ஒன்று விற்றமின் பி2. மற்றது தலையிடிக்கென்றே கலந்து செய்த குளிசை. ஆசையாக அனுப்பினதில் ஒன்றை விழுங்கி மற்றதை மூலையில் வைக்க மனம் வருமா? மூன்றையும் விழுங்கினேன்.

அன்று காலை நாங்கள் போய்ப் பார்த்த டொக்டர் இளம் பிள்ளை. இரத்தம் சோதித்தார், செங்கண்மாரி இல்லை. நான் கொண்டுபோன போத்தல்களைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை ஆறுதலாக வாசித்தார். மூன்றாவது போத்தலுக்குள்ளும் அதே மக்னீசியம், அதே பி2! உடம்புக்கு மிஞ்சின பி2தான் மஞ்சளாகப் போகிறதாம், அதில் பயமில்லை. ஓட்டம் மக்னீசியம் கூடினதால்.

"கணித ரீச்சர்தானே, கூட்டிப் பாக்கேல்லையோ?" என்றார்.

பதினாறு வருஷச் சேவையில் எனக்குக் கிடைத்த முதல் பூச்சியம்.

இந்தக் குளிசைகள் சிலருக்குத் தலையிடி வருகிற தடவைகளைக் குறைக்கும், எல்லோருக்கும் அல்ல என்றார். குறைந்தது இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். வந்த இடியை இது நிறுத்தாது, அதற்கு மருந்து வேறு. சிறுநீரகம் பழுதானவர்கள் மக்னீசியத்தைக் கேட்காமல் தொடவே கூடாது. எனக்கு அதையும் சோதித்துவிட்டு, ஒரு போத்தலை மட்டும் கையில் தந்தார். கூடவே ஒரு வீட்டுவேலை. தலையிடி எப்போது தொடங்கியது, அன்று என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நித்திரை — கொப்பியில் எழுதவேண்டும்.

ஆறு கிழமை எழுதினேன். தலையிடியின் காரணம் எனக்கு முன்னமே தெரியும் என்ற நினைப்போடுதான். வெயில், வகுப்புச் சத்தம், மாமியார்! டொக்டர் கொப்பியை வாங்கி, தலையிடி வந்த ஏழு இடத்தில் வட்டம் போட்டுவிட்டு என் பக்கம் திருப்பினார். ஏழில் ஐந்து, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தது. சனிக்கிழமை நான் கிடந்தது அதன் மிச்சத்தில். ஆண்டு ஏழுக்கு, எண்களில் ஒழுங்கு கண்டுபிடிக்கிற எண்கோலம் படிப்பிக்கிற ஆள் நான்... பார்க்கவில்லையே!

வெள்ளியில் என்ன செய்யிறனீங்கள் என்று கேட்டார். விரதம் என்றேன். பின்னேரப் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணியும் இல்லை.

அது ஒரு நேர்த்தி. தம்பி கனடாவுக்கு ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுப் போய், மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியாது. அப்போது முருகனிடம் சொன்னது — அவன் போய்ச் சேரட்டும், வெள்ளியில் வாய் நனைக்கமாட்டேன் என்று. அவன் போய்ச் சேர்ந்தான். நான் விடவில்லை. பிறகு அவனுடைய விசாவுக்காக, கலியாணத்துக்காக, பிள்ளைக்காக. இப்போது அவன் பனிக்குள் கார் ஓடுகிறானே, அதுக்காக.

பட்டினியும் தண்ணி குடியாமையும் ஒற்றைத் தலையிடியைக் கிளப்பிவிடும் என்றார் டொக்டர். விரதத்தை விடு என்று சொல்லவில்லை. "முருகனோட நான் கதைக்கேலாது ரீச்சர், நீங்கள்தான் கதைக்கவேணும்."

முருகனுக்கு முதல் தம்பியோடு கதைத்தேன், ஞாயிறு காலை. குளிசை வேலை செய்யுதோ என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி விஷயம் அவனுக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

"அக்கா, நான் வந்து சேந்திட்டன். நீ இனிச் சாப்பிடு."

அதற்குப் பிறகு மூன்று வெள்ளி போய்விட்டது. கோயிலுக்குப் போகிறேன், மத்தியானம் சோறும் சாப்பிடுகிறேன். குளிசையும் அளவோடு ஒன்று. தலையிடி ஒரேயடியாக ஓடிவிட்டதென்று புழுகமாட்டேன், போன செவ்வாய்க்கிழமை ஒருக்கால் எட்டிப் பார்த்தது. எதனால் குறைந்தது, குளிசையாலா சோற்றாலா? கொப்பி இன்னும் எழுதுகிறேன், கணக்கு முடியட்டும்.

ஆனால் மூன்று சனிக்கிழமையும் வகுப்பில் நின்றது நான்தான்.