சேனா என்மேல் இறங்கிய வாரம்

கண்டியில் ரக்பி ஆடியவர்களில் காது காதாகவே மிஞ்சியவர்கள் குறைவு. என் மாமாவின் இரண்டு காதுகளும் வதக்கிய கத்தரிக்காய்போல இருக்கும். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து முட்டிக்கொள்ளும் ஸ்க்ரம்மில், முன்வரிசையில் தலையைக் கொடுத்தே இளமையைக் கழித்தவர். ஆடி முடித்ததும் விசிலை எடுத்துக்கொண்டு கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கோச்சாகப் போனார். அந்த அணியில் ஆகச் சிறிய உருப்படி நான்.

மாமா வீட்டு ஹாலில், பந்தோடு நிற்கும் ஒருவரின் படம் தொங்கியது. மாமாவோடு ஆடிய சேனா. படத்துக்குச் சரிகை மாலை. எங்கள் ஆட்கள் வீட்டில் படத்துக்கு மாலை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆகவே யாரையும் விசாரிக்காமலே சேனாவை நான் அடக்கம் செய்துவிட்டேன்.

ஒரு நாள் பயிற்சியின்போது மைதானத்தில் பனிமூட்டம் இறங்கியது. கோல் கம்பம் மறைந்தது. பையன்கள் கால் இல்லாமல் மிதந்தார்கள். மாமா விசிலை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்.

“சேனா, கக்குல ஹொந்தத?”

கால் சுகமா என்று சிங்களத்தில் கேட்கிறார். திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாருமில்லை. அந்த நிமிஷமே எனக்கு வலது கால் வலிக்கத் தொடங்கியது.

மறுநாளும் நான் சேனா. அதற்கு மறுநாளும். செத்தவர் என்மேல் இறங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். வலது கால் சப்பாத்துக்குள் திருநீறு கொட்டினேன். கண்ணாடியில் மீசை முளைக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். சிங்களப் பாடத்தில் வழக்கம்போலக் கோட்டை விட்டதுதான் ஒரே ஆறுதல். சேனா நிஜமாகவே வந்திருந்தால் அதிலாவது பாஸாகியிருப்பேனே.

பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து அத்தையிடம், “கோச் இப்படியே பேசிக்கிட்டிருந்தா டீமை வேற ஆளுக்குத்தாங்க குடுக்கணும்” என்றார். விசில் இல்லாத மாமாவை எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அத்தை தெல்தெனியவுக்கு யாரிடமோ சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம். திறந்தேன். படத்திலிருந்த மனிதர் வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது. வலது காலை இழுத்து ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் ஓடியது. அதையும் முந்திக்கொண்டு ஓடித் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தேன்.

தூக்கிவிட்டவரும் அவர்தான். கை சூடாக இருந்தது.

“ஐயோ, பொடியன் என்னத்துக்கு ஓடுறது?” என்றார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “ஒங்க படத்துல மாலை கெடக்குல்ல, செத்துட்டீங்கன்னு நெனச்சிருக்கான் எருமை! டேய், அது கப் அடிச்ச அன்னைக்கு இவரு கழுத்துல போட்ட மாலைடா. இவரைப் பார்த்தாலாவது மாமாவுக்குத் தெளியும்னு வரச் சொன்னேன்.”

சேனா வயிறு குலுங்கச் சிரித்தார். சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். சேனாவை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு சேறு வடிய நின்ற என்னிடம் திரும்பி, “சேனா, இந்த மாத்தயாவுக்கு ஒரு கதிரை கொண்டு வா” என்று, முன்பின் தெரியாத ஒரு ஐயாவைச் சொல்வதுபோலச் சிங்களத்தில் சொன்னார்.

என்மேல் யாரும் இறங்கவில்லை என்ற சந்தோஷம் எனக்கு. கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடியபடியே வந்தேன். இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு அத்தை ஏன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வந்தவர் ஏன் உட்காராமல், ஸ்க்ரம்மில் முட்டி முட்டி நசுங்கிய மாமாவின் காதுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.