கேப்டன் ஏறாத ரயில்

முதலில் கண்தான் எரிந்தது. இரும்புலியூர் மைதானத்துத் தூசி என்று நினைத்தேன். மாலைக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது, இருமல் நெஞ்சைப் பிடித்தது. மறுநாள் இரவு மதுரைக்கு ரயில். கல்லூரிகளுக்கிடையிலான கபடி இறுதிப் போட்டி. நான் கேப்டன், அதுவும் பேருக்குக் கேப்டன் இல்லை. ரெய்டு போனால் ஆளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

அந்த வாரம் அமாவாசையன்று மைதான ஓரத்தில் ஒரு காகம் செத்துக் கிடந்தது. அந்த நாளில் காகத்தை அப்படியே விட்டுவர எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது. வெறுங்கையால் தூக்கிக் குழியில் வைத்து, பால் ஊற்றிப் புதைத்தேன். புண்ணியம் செய்த திருப்தி வேறு.

காய்ச்சலையும் காகத்தைத் தொட்டதையும் பயிற்சியாளர் சாரிடம் போனில் சொன்னேன். "ஒரு மாத்திர போட்டுகினு வண்டியேறும்மா. காக்கா கீக்கான்னு டாக்டர்கிட்ட உளறி வெக்காத, பேஜாராயிடும்."

தாம்பரத்தில் டாக்டர் கேட்டதே அதைத்தான். "கோழி, பறவை ஏதாச்சும் தொட்டியாம்மா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் ரயில் கிடைக்கும்.

"காக்கா ஒண்ணு செத்துக் கிடந்துச்சு டாக்டர். கையால எடுத்துப் புதைச்சேன்."

முகக்கவசம், தனி அறை, வைரஸ் தடுப்பு மாத்திரை, ஸ்வாப் (மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பது) எல்லாம் மளமளவென்று நடந்தன. "ரிசல்ட் வர்ற வரைக்கும் யார் பக்கத்துலயும் போகாத. நீ மறைக்காம சொன்னியே, அது பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

ரயில் நேரத்துக்கு அழுதேன். நன்றாகவே அழுதேன்.

பறவைக் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. மனிதருக்கு மனிதர் பரவும் ஃப்ளூ (வைரஸ் காய்ச்சல்)தான். "பாவம், காக்கா மேல பழியப் போட்டுட்டியே" என்று அம்மா கிண்டலடித்தார். ஆனாலும் அந்த ஃப்ளூவே என்னை அடித்துப் போட்டுவிட்டது. அந்த அறையில் காலை எது, மாலை எது என்றே தெரியவில்லை.

என்னைப் போல் படிக்கிறவர்களுக்கும் பயணம் கிளம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். செத்த பறவையைத் தொடாதீர்கள், மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழியும் முட்டையும் நன்றாக வெந்திருந்தால் பயமில்லை. காய்ச்சலோடு மட்டும் வண்டியேறாதீர்கள், டாக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள்.

துணைக் கேப்டன் மதுரையிலிருந்து அழைத்தாள். "தோத்துட்டோம்கா. ஆனா ஒருத்திக்கும் ஜுரம் இல்ல."

இப்போதும் ரெய்டின் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் வந்து போவது தெரிகிறது. கர்வமாகத்தான் சொல்கிறேன்: அந்த நோய்கொண்ட மூச்சு, என் அணிப் பெண்களில் ஒருத்தி மேலும் படவில்லை.