அண்ணியும் நான்கு லாகர்களும்

மூன்றாவது கிளாஸுக்குள் மூக்கை விட்டபடி அண்ணி இடது கையை உயர்த்திவிட்டால் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட பால்கனிக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். மேஜை மேல் ஒரே அளவில் நான்கு கிளாஸ்கள். நான்கிலும் அதே வெளிர் மஞ்சள், அதே வெள்ளை நுரை. என்னைக் கேட்டால் ஒரே பீரை நான்காகப் பிரித்து ஊற்றியிருக்கிறார்கள் என்பேன். ஒருமுறை வாய்தவறிச் சொல்லியும் விட்டேன். அதன் பிறகு வெகுநாள் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர்தான்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், கதவில் மண்டையோடு வரைந்த மோட்டார் அறைகள்தான் அவருடைய ராஜ்ஜியம். கொண்டைக்குள் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகக்கண்ணில் இருக்கும் கிரீஸை பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, டெஸ்டரை எடுக்க மறந்து, பீர் மேஜைக்கு வந்து உட்காருவார்.

ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து எல்லாக் கடைகளிலும் அடுக்கிக் கிடக்கிற சாதாரண லாகர் பீர்தான் அண்ணிக்குப் பிடிக்கும். விலை கூடிய, கறுப்பான, பழச்சாறு கலந்த எதுவும் அவரிடம் செல்லாது. பிராண்டின் பெயரைச் சொல்லமாட்டார். நாட்டைச் சொல்வார், உடனே ஓர் உறவுமுறையும் வைத்துவிடுவார்.

"டச்சுக்காரன் மூத்த மாப்பிள்ள. நாம எந்த ஊருக்குப் போனாலும் நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பான். லேசா ஒரு ஆப்பிள் வாசன, அத வச்சே காலத்த ஓட்டிடுவான். டேனிஷ் ஒண்ணுவிட்ட தம்பி. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, ஆனா ஒரு வம்பும் கிடையாது." பெல்ஜியம் சம்பந்தி வீட்டுக்காரர், தனக்கென்று தனி கிளாஸ் கேட்பார். செக் நாட்டு லாகர்தான் பெரியப்பா. "கசப்பாத்தான் பேசுவாரு. உள்ள புதுசா சுட்ட ரொட்டி மாதிரி மனசு."

இவர்களில் யார் அண்ணிக்கு உயிர் என்று கேட்டால் பீர் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். டச்சு லாகரின் பச்சை பாட்டிலை அரை நாள் ஜன்னல் வெயிலில் காயவைத்து, பிறகு குளிர வைத்துக் குடிப்பார். பச்சைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கினால் பீரில் ரப்பர் கருகியது போல ஒரு வாடை ஏறிவிடும். ஊரெல்லாம் அதைக் கெட்டுப்போனது என்று கொட்டும். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு முகர்வார்.

"முத சம்பளத்துல வாங்குன பீரு இப்பிடித்தான் இருந்துச்சு தம்பி. கடக்காரர் வெயில்ல அடுக்கி வச்சிருந்தார், எனக்கென்ன தெரியும். பீருன்னாலே இதான் வாசனன்னு நெனச்சேன். முதல்ல பழகுனத விட முடியுமா?"

இப்படிப்பட்டவருக்குத்தான் போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் தெரியவில்லை, காபியும் தெரியவில்லை. அழுதாரா என்று கேட்டால், எங்கள் எதிரில் இல்லை. காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன முதல் நாளே மேலதிகாரியிடம் தானாகப் போய் நின்றார். "காயில் கம்பி கருகுற வாட தெரியாம மோட்டார் ரூமுக்குள்ள போறது, கண்ணக் கட்டிக்கிட்டு ரோட்டக் கடக்கிற மாதிரி. மூக்கு வர்ற வரைக்கும் என்ன மேல அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழ்த்தளத்தில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிறார். மூக்கு திரும்பினால்தான் மேலே. திரும்பாவிட்டால் ஆயுசுக்கும் அந்த போன்தான்.

தெரிந்த நாலு வாசனையைத் தினமும் முகர்ந்து, பழசை ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்றார் டாக்டர். வாரநாளில் எலுமிச்சைத் தோல், காபித்தூள், கிராம்பு, சோப்பு. ஞாயிற்றுக்கிழமை நாலு லாகர். இதைக் கேட்ட டாக்டர், "மோந்தா போதும்மா, காலி பண்ணணும்னு அவசியமில்ல" என்றாராம்.

அடுப்பங்கரையில் அண்ணன் ஊற்றி, கிளாஸின் அடியில் பெயர் ஒட்டித் தட்டில் கொண்டுவருவார். ஒரு ஞாயிறு அண்ணி நாலையும் சரியாகச் சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இனிப்பு வாங்கச் செருப்பைக்கூட மாட்டிவிட்டார். "உக்காருங்க. மூக்கு இல்ல, காது. செக் நுர மெதுவா அடங்குது. டேனிஷ் சுருசுருன்னு பேசிக்கிட்டே இருக்கு" என்றார் அண்ணி. அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

போன ஞாயிறு நானும் இருந்தேன். முதல் கிளாஸை முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதற்கும் அதே. மூன்றாவதில் கை மேலே போனது. போன கை இறங்கவே இல்லை. மூக்கு விடைக்கிறது, கண் விரிகிறது.

"வருதுங்க."

"என்னம்மா வருது?" அண்ணன் எழுந்தே விட்டார்.

"பச்ச பாட்டில். வெயில்ல காஞ்சது. நல்லாவே வருது."

அண்ணன் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. அது செக். பழுப்பு பாட்டில், வெயிலையே பார்க்காதது. வெயிலில் காய்ந்த டச்சு, அண்ணி உதட்டைப் பிதுக்கி ஒதுக்கிய முதல் கிளாஸ்.

"ஆமாம்மா, அதேதான்" என்றார் அண்ணன். பொய் சொல்வதில் அவரைவிட மட்டமான ஆளை நான் கண்டதில்லை.

"உங்க மூஞ்சியே சொல்லுது. என்னது இது?"

"செக்."

அண்ணி கிளாஸைத் தள்ளி வைத்தார். எனக்கு அவர் பக்கம் பார்க்கவே தைரியம் இல்லை. பிறகு அவர் முகத்தை மெல்லத் திருப்புவது தெரிந்தது, யாரோ கூப்பிட்டது போல.

"கிளாஸ் இல்லாமயும் வருதே."

எழுந்தார். மூக்கு முன்னே போக, உடம்பு பின்னால் போனது. சோபாவை முகர்ந்தார். என் சட்டையை முகர்ந்து, "நீ இல்ல தம்பி" என்று தாண்டிப் போனார். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பினார். எங்கள் இருவருக்கும் ஒரு வாடையும் தெரியவில்லை; பைத்தியம் பிடித்தவர்கள் போலப் பின்னாலேயே போனோம். அடுப்பங்கரைக்குள் நுழைந்து, ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டார்.

"மெயின ஆஃப் பண்ணுங்க. சீக்கிரம்."

அண்ணன் ஓடினார். நான் ஃப்ரிட்ஜை இழுத்தேன். கரித்துணி சுற்றிய கையால் அண்ணி பிளக்கைப் பிடுங்கினார். ஒரு பக்கம் உருகிக் கறுத்திருந்தது, சுவரும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பக்கத்து ஜன்னல் திரைச்சீலை தீப்பிடித்திருக்கும். அப்போதுதான் எனக்கும் அந்த வாடை வந்தது, மெல்லிசாக.

"கருகல்ங்க" என்றார் அண்ணி. முகம் பூராவும் சிரிப்பு. "நிஜக் கருகல். நாளைக்கே அந்தப் புகார் போன ஆபீஸ்காரனுங்க தலையில வச்சுட்டு மேல ஏறுறேன்."

தரையிலேயே உட்கார்ந்து அந்த உருகிய பிளக்கை மூக்கருகில் வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் கை கால் ஓடாமல் பக்கத்தில் குந்தினார். அண்ணி பிளக்கைக் கீழே போட்டுவிட்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்து நெளிந்தார். "இன்னும் குளிக்கலம்மா."

"தெரியுது" என்றார் அண்ணி. முகத்தை எடுக்கவில்லை.