ஹாலா, ஸ்டேடியமா

எனக்கு வலது காது கேட்காது. இன்று சுலபமாக எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபத்தேழு வயது ஆகவேண்டியிருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊர் எனக்குப் பிறந்த ஊர். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் வீங்கிப்போனது. கழுத்தில் தங்கம் போட்டால் வடியும் என்பார்கள். எங்கள் வீட்டில் தங்கம் ஏது? அம்மா பக்கத்து வீட்டில் சங்கிலி இரவல் வாங்கிப் போட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலது காது போயிருந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஒரு காது இருந்தாலே போதும், கூப்பிட்டால் கேட்கும், கை தட்டினால் திரும்புவோம். எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்பது மட்டும்தான் பிடிபடாது.

அருப்புக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போனாள்.

"காதப் பத்தி மூச்சு விட்ட, கொன்னேபுடுவேன். ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுகளே சொல்லியிருக்காக. இது ஒரு பொய்யி. அதுகூடப் பொய்யில்ல, சொல்லாம விடுறது."

பெண் பார்க்க வந்த அன்று என் சின்னம்மா எனக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். அந்தப் பக்கமிருந்து யாராவது கேள்வி கேட்டால் சேலைக்கடியில் என் காலை மிதிப்பாள். மூன்று தடவை மிதித்தாள். மூன்று தடவையும் சரியாகத் திரும்பிச் சிரித்தேன். கல்யாணம் முடிவாகிவிட்டது.

எங்கள் ஊரிலேயே ஒரு அக்காவுக்கு முதுகில் வெண்புள்ளி இருந்தது. மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் சீர்ப் பாத்திரங்களோடு கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் இறங்கியதை நான் பார்த்தேன். பித்தளை அண்டாவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமான புதிதில் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப்பார்ப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு பஜாரில் உரக்கடை. கோபம் இல்லாத மனிதர். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், வேறு மாதிரி. பால்காரன் அரைக்கால் ஆழாக்கு தண்ணீர் கலந்ததைக்கூட மூன்று வருடம் கழித்துச் சொல்லிக்காட்டுவார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நல்லவேளை, தெரு முழுக்கத் தறி ஓடியது. அந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டும். "என்ன?" என்று நான் இரண்டு தடவை கேட்டாலும் தறிமேல் பழி போய்விடும்.

எல்லாம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டுச் செட்டு வந்தது.

எதிர்க்கடை பாயின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். முன்னால் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், பின்னால் இரண்டு பாக்ஸ், அறையின் நாலு மூலைக்கும் வயர். முகப்பில் வரிசையாகப் பொத்தான்: ஸ்டீரியோ, ஹால், ஸ்டேடியம், சர்ச், சர்ரவுண்ட். ஒவ்வொன்றை அமுக்கினாலும் ஒரு சின்ன விளக்கு எரியும். அதே பாட்டு ஒன்றில் மண்டபத்தில் பாடுவதுபோலவும், ஒன்றில் மைதானத்தில் பாடுவதுபோலவும், ஒன்றில் நம்மைச் சுற்றி நின்று பாடுவதுபோலவும் கேட்குமாம். கேட்குமாம் என்றுதான் என்னால் சொல்லமுடியும். ஒற்றைக் காதுக்கு எல்லாம் ஒரே பாட்டு. கொஞ்சம் கூடுதலாக எதிரொலிக்கும், அவ்வளவுதான்.

சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் அறைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைப்பார்.

"இந்தா, நல்லாக் கேட்டுச் சொல்லு. இது ஹாலு." டக். "இது ஸ்டேடியம். எது நல்லாருக்கு?"

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட அப்படி உள்ளங்கை வேர்க்காது. நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் முகத்தைப் படித்தேன். பிடித்த பொத்தான் வந்தால் அவர் புருவம் லேசாக மேலே போகும், இடது கால் தாளம் போடும். அதைப் பார்த்துக்கொண்டு, "இதுதாங்க, ஸ்டேடியம்" என்பேன். "அட, எனக்கும் அதேதான் தோணுச்சு!" என்று பூரித்துப்போவார். பாவி மனுசா, உனக்குத் தோன்றியதைத்தானே நான் சொன்னேன்!

இதில் வந்த வினை என்னவென்றால், எனக்குப் பெரிய இசை ஞானம் என்று அவரே நம்பிவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல அவளுக்குத்தான் காது" என்று சொல்லத் தொடங்கினார். ஒருநாள் எதிர்க்கடை பாயையே கூட்டிவந்துவிட்டார். பாய் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, கல்லுப்போல உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, சர்ச்சா சர்ரவுண்டா?" என்றார். "பாட்டுக்குத் தக்கன மாத்திக்கிறணும்ணே" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஆகா, என்று தலையாட்டினார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இன்னொரு நாள், "கண்ண மூடிக்கிட்டுக் கேளு. இந்தச் சத்தம் எந்த மூலையில இருந்து வருதுன்னு கையக் காட்டு" என்றார். கண்ணை மூடினேன். உலகமே போய்விட்டது. அவர் முகமும் இல்லை, விளக்கும் இல்லை. "ஐயோ, பால் பொங்குது!" என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை. காலித் தூக்குவாளியை வைத்துக்கொண்டு நின்றேன். இப்படி நாலு வருடம்.

செட்டோடு ஒரு சாம்பிள் கேசட் வந்திருந்தது. அதில் ஒரு ரயில். முன்னால் இடது மூலையில் கிளம்பி, அறையைக் குறுக்காகக் கடந்து, பின்னால் வலது மூலையில் போய் மறையுமாம், சர்ரவுண்ட் பொத்தானை அமுக்கினால் மட்டும். என் காதுக்கு அது வரும், அப்படியே தேய்ந்து போய்விடும். எங்கள் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது இவர் அதையே அவளுக்கு விளையாட்டாக்கினார். நடுவில் நிற்பாள். "ரயிலு எங்க?" என்றால் விரலை நீட்டி இடது மூலையிலிருந்து வலது மூலைவரை சுற்றிக் காட்டிவிட்டு, "போயிருச்சு!" என்று குதிப்பாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தப் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது.

ஒரு காலையில் தூங்கி எழுந்தவளுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அத்தை தன் சங்கிலியையே கழற்றிப் போட்டுவிட்டு, "எல்லாப் பிள்ளைகளுக்கும் வர்றதுதேன். இதுக்கு எதுக்கு இப்பிடி முழிக்கிற?" என்றார். நான் முழித்தேன்தான். பத்து நாளும் தூங்காமல் அவள் வலப்பக்கமே படுத்துக் கிடந்தேன். வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை, பிள்ளைக்கு முடியவில்லை என்று இவர் செட்டைத் தொடவில்லை.

வீக்கம் வடிந்த மறுநாள், அத்தை உள்ளறையில் படுத்திருந்தார். இவர் கடையில். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் தடவையாக நானே அந்தப் பொத்தானைத் தொட்டேன். சர்ரவுண்டை அமுக்கி, ரயிலை ஓடவிட்டு, பிள்ளையை நடுவில் நிறுத்தினேன்.

"பாப்பா, ரயிலு எங்க?"

இடது மூலையைக் காட்டினாள். விரல் மெல்ல நகர்ந்தது. பாதி அறையில் நின்றுவிட்டது.

"எங்க போச்சு?"

"காணோம்" என்றாள்.

மறுபடி ஓட்டினேன். காணோம். ஹாலை அமுக்கினேன், ஸ்டேடியத்தை அமுக்கினேன், திரும்ப சர்ரவுண்ட். எதை அமுக்கினாலும் பிள்ளை வலது மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வலப்பக்கம் நின்று கை தட்டினேன். திரும்பிச் சிரித்தாள். நானும் அப்படித்தானே திரும்பினேன், எத்தனை வருடம், எத்தனை பேர் முன்னால்!

சொன்னால் என் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால், இப்போதே பெரிய டாக்டரிடம் காட்டினால் ஒருவேளை மீட்கக்கூடிய காது அப்படியே போகும். என் அம்மா எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்வேன், பதினைந்து இருபது வருடம் கழித்து இவளுக்கு வலப்பக்கம் ஒரு சின்னம்மாவை உட்காரவைப்பேன். சீ என்று ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் செருப்பைக் கழற்றியபோதே சொல்லிவிட்டேன்.

"மதுரைக்குப் போகணுங்க. பாப்பாவுக்கு வலது காது போயிருச்சு."

"என்ன ஒளறுற? ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் இப்பிடித்தேன் போச்சு. ஆறு வயசுல. இதே பொன்னுக்கு வீங்கியில."

அவர் என்னைப் பார்த்தார். நேராகச் செட்டிடம் போய் ரயிலை ஓடவிட்டார். பாதி ரயில் ஓடுவதற்குள் தலையைத் திருப்பி வலது மூலையைப் பார்த்தார்.

"அந்தப் பாக்ஸ் பேசவே இல்லியே."

குனிந்து பாக்ஸை நகர்த்தினார். பின்னால் வயர் கழன்று கிடந்தது. பிள்ளை படுத்திருந்த பத்து நாளில் வீட்டைக் கூட்டி மெழுகியபோது எப்போதோ இழுபட்டிருக்கவேண்டும். வயரைப் பல்லால் சீவி, முறுக்கி மாட்டினார். மறுபடி ரயில் வந்தது. பிள்ளை விரலை நீட்டி, அறையைச் சுற்றி, வலது மூலையில் கொண்டுபோய் நிறுத்தி, "அந்தா போகுது!" என்று கத்தினாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அது சந்தோஷம். அந்த மூலை பேசவில்லை என்பதுகூடத் தெரியாத காதை வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் பொத்திக் காத்ததை ஒரு கழன்ற வயருக்காகக் கொட்டிவிட்டேன். அது பயம். இரண்டும் சேர்ந்து வந்த அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.

"ஏலே, என்னலே அங்க ஒப்பாரி? யாருக்குக் காது போச்சு?" உள்ளறையிலிருந்து அத்தையின் குரல். கட்டில் கிரீச்சிட்டது, எழுந்துவிட்டார்.

பித்தளை அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா கண்முன் வந்தாள். இவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா! பாப்பா காதுல எறும்பு போயிருச்சு. எடுத்தாச்சு, நீங்க படுங்க" என்று கத்தினார். அம்மாவிடம் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. குரல் பிசிறியது. செட்டின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு என் வலப்பக்கம் வந்து குந்தி, குனிந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன். பிறந்து இருபத்தேழு வருடத்தில் யாரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவர் எழுந்து என்னைச் சுற்றி இடப்பக்கம் வந்தார்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார்.