மாட்டுக்குப் போட்ட கதிர்

என் சித்தப்பாவுக்கு முப்பது வயதாகியும் கல்யாணம் கூடாமல் இருந்தது. ஒருவழியாக மோகனூர்ப் பக்கத்தில் ஓர் இடம் படிந்து, கார்த்திகையில் பெண் வீட்டார் எங்கள் வீட்டையும் வயலையும் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்தக் கார்த்திகையில்தான் எங்கள் நெல்லுக்குக் கேடு வந்தது.

பகலெல்லாம் தூறல், இரவெல்லாம் பனி. பால் பிடித்த கதிர்களின் கழுத்து கருகியது. கருகிய கதிர் இரண்டொரு நாளில் வெளுத்து, மணி ஏறாமல் நின்றது. குலைநோய் என்றும், ஒருவகைப் பூசணம் என்றும் இப்போது சொல்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. வரப்பில் நின்று வெறித்துப் பார்ப்பார், வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

எனக்கென்னவோ அந்த வெள்ளைக் கதிர்கள்தான் பிடித்திருந்தன. மற்றதெல்லாம் தலை தொங்கிக் கிடக்க, அவை மட்டும் மிடுக்காக நிமிர்ந்து நின்றன.

பெண் வீட்டார் வருகிற அன்று விடியற்காலையில் வீடே வயலில் இறங்கியது. வரப்பிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற வெள்ளைக் கதிரையெல்லாம் பறித்துவிட வேண்டுமாம். சித்தப்பா, பாவம், தன் கல்யாணத்துக்காகத் தானே முழங்கால் சேற்றில் நின்று பறித்தார்.

"ஏம்ப்பா, நல்லா நிக்கறதயே புடுங்கறோம்?" என்று கேட்டேன்.

"பேசாமப் பறி சாமி" என்றார் அப்பா.

பறித்ததையெல்லாம் மாடு கட்டும் கட்டுத்தறிக்குக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். வண்டி வருவதற்குள் மாடுகள் தின்று தீர்த்துவிடும் என்று கணக்கு. மாடுகளோ வயிறு நிறைந்ததும் படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டன. பாதிக் கதிர் அப்படியே கிடக்க, வாசலில் சவாரி வண்டியின் சலங்கை கேட்டது.

"பொண்ணோட அம்மாவக் கட்டுத்தறிப் பக்கம் மட்டும் உட்றாத" என்று அம்மா என் காதில் சொன்னாள். ஆனால் மாட்டைப் பார்க்காமல் மகளைக் கொடுப்பார்களா? ஆண்கள் வயலுக்குப் போனதும் பெண்ணின் அம்மா நேராகக் கட்டுத்தறிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டியிலிருந்து ஒரு கதிரை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்துபோய்க் கை வெறுமையாக இருந்தது.

"மாடு நல்லாத் திங்குதா சாமி?"

"திங்குதுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் சம்மதம் என்றால்தான் விருந்தில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அம்மா சமைத்ததையெல்லாம் மூடி வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். வயலிலிருந்து திரும்பிய அப்பா துண்டைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். சித்தப்பா கண்ணிலேயே படவில்லை. பெண்ணின் அப்பா தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார்.

பிறகு, "எலயப் போடுங்க அம்முணி, பசிக்குது" என்றார்.

அம்மா அடுப்படிக்குள் போய் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முறைப்படி நாங்களும் அவர்கள் வீட்டில் கை நனைக்க வேண்டுமே. அடுத்த வாரம் மோகனூருக்குப் போனோம். போகிற வழியில் அவர்கள் வயலும் வரப்போரத்தில் பச்சைப்பசேல் என்று இருந்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நான் கட்டுத்தறிக்குப் போனேன். அங்கேயும் தொட்டி நிறைய அதே வெள்ளைக் கதிர்! ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, இவிய ஊட்டு மாடும் இதத்தாந் திங்குது" என்றேன்.

பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் கையிலிருந்த கதிரை மெல்ல வாங்கி மடியில் மறைத்துக்கொண்டாள்.

"எலயப் போடச் சொல்லுங்க, நாங்களும் பசியாத்தான் இருக்கறோம்" என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து போட்ட பந்தியில் சோளச்சோறு. யாரும் யாரையும் ஒரு குறை சொல்லவில்லை. நான் மட்டும் நெல்லுச்சோறு வேண்டுமென்று பந்தியில் உருண்டு அழுதேன். மாட்டுக்கே அத்தனை கதிரை அள்ளிப் போட்டவர்கள், எனக்கு ஒரு பிடி சோறு போட மாட்டேன் என்கிறார்களே என்று.