திருச்சியிலிருந்து ராஜமுந்திரி ஒன்றரை மணி நேரமாம்!

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏனாமில் என் மகள் சுமதிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளைக்குக் காரைக்காலிலிருந்து அங்கே மாற்றல். புதுச்சேரி அரசு வேலை என்றால் அப்படித்தான். அரசாங்கம் ஒன்று, ஊர் மட்டும் ஆந்திராவுக்கு நடுவில். சுமதி பிரயாணம் பண்ணக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் நாங்கள் கிளம்பினோம். நல்ல நேரம் மூணேகாலிலிருந்து நாலேகால். நாலரைக்கு ராகுகாலம்.

ஏனாமுக்குப் பக்கத்து விமான நிலையம் ராஜமுந்திரி என்றார்கள். செல்போனில் தேடினேன். திருச்சிக்கும் ராஜமுந்திரிக்கும் விமான தூரம் சுமார் 780 கிலோமீட்டர், நேரம் ஒன்றரை மணி என்று போட்டிருந்தது. அட, எங்கள் காரைக்கால் தலத்தெருவிலிருந்து திருச்சிக்குக் காரில் போகவே மூன்றரை மணி ஆகுதே! டிக்கெட் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டேன். விடியக்காலையில் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து சாதமும் கிளறி, டிபன் கேரியரில் அடைத்தேன். மத்தியானமே போய்விடுவோமே, கெடவா போகிறது?

தலத்தெருவிலிருந்து 5.30க்குக் கார். 150 கிலோமீட்டர், வாடகை 4,500. ஒன்பது மணிக்குத் திருச்சி. கவுண்டரில் இருந்த பெண், "சென்னையில மாறணும்மா. அங்கேர்ந்து மூணு இருபதுக்குத்தான் அடுத்த ஃபிளைட்" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நேரா போறது?"

"கிடையாதும்மா."

வெறும் வானத்தை அளந்து போட்டிருக்கிறார்கள், பாருங்கள்! வீட்டுக்காரரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"டிக்கெட்லயே இருந்துச்சே. நல்ல நேரம் எப்பன்னு நீதான் சொல்லல."

"ஆமாங்க, விமானம் விழுந்தாக்கூட நான் கேட்டப்பறம்தான் சொல்லுவீங்க."

டிக்கெட் ஆளுக்கு 9,600. சென்னையில் 11.40க்கு இறங்கி சுமதிக்குப் போன் போட்டேன். "நான் வர ஏழாயிடும்டி. வீட்டு ஓனரம்மாவை விட்டு நல்ல நேரத்துல வளையல் போட்டுக்க."

"நீ போடாம எனக்கு என்னம்மா வளைகாப்பு?" என்று அழுதாள்.

"ராகுகாலம் எனக்காக ஒதுங்கி நிக்குமா? போட்டுக்க" என்று வைத்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன். வீட்டுக்காரர் கேட்காமலே காபி வாங்கி வந்தார்.

ராஜமுந்திரியில் இறங்கும்போது 4.40. டாக்சி 75 கிலோமீட்டர், 2,800. ஏழு மணிக்கு வீடு. தேங்காய் சாதமும் தயிர் சாதமும் ஊசிப்போயிருந்தன. சுமதியின் வலது கை நிறைய, அந்தத் தெலுங்கு ஓனரம்மா போட்ட பச்சை வளையல். இடது கையில் ஒன்றுகூட இல்லை.

"எவ்ளோ நேரம் நீட்டிக்கிட்டு இருக்கறது? போடும்மா."

போட்டேன்.

வாசலுக்கு வாசல் பதின்மூன்றரை மணி நேரம். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேர் விமானம் உண்டா, எங்கே மாறணும், எத்தனை மணிக்கு இறக்கிவிடுவான் என்று கேளுங்கள். சாதம் கட்டினால் புளிசாதம் மட்டும். விசேஷம் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். மகள் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள்தான். அதற்காக ஏழு மாதக்காரியைக் காக்க வைக்கலாமா?