நிறை எழுதிய கொப்பி

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர், அவருக்குப் பக்கத்தில் ஒரு தாதி. இந்தப் பக்கம் என் மனைவி, ஒப்பரேஷனுக்குக் கடன் தர ஒத்துக்கொண்டிருந்த அவளுடைய மூத்த சகோதரர், நான். அவரை அவள் நானா என்று கூப்பிடுவாள், எனக்கு அவர் மச்சான். மேசைமேல் என் கையெழுத்தில் ஒரு கொப்பி கிடந்தது. அதில் இருந்தது பொய் என்று ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் எனக்கு மிளகும் கராம்பும் வாங்குகிற சின்னக் கடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாப்பாவின் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றவன் நான். மனைவி ஒரு காலத்தில் நூற்றிருபது கிலோ. சீனி வருத்தம், முழங்கால் வலி எல்லாம் சேர்ந்து, கடைசியில் வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்தார்கள். உடம்பு மளமளவென்று வற்றியது. அடிவயிற்றுத் தோல் மட்டும் மடிந்து தொடை வரைக்கும் தொங்கியது. மடிப்புக்குள் வியர்த்துப் புண் வரும். குனிந்தால் புண் வெடிக்கும். அதனால் அவள் கதிரையில் இருந்துதான் தொழுவாள்.

“நெத்தி நிலத்துல படோணும். எனக்கு அது போதும்” என்றாள் ஒருநாள். வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

கண்டியில் ஒரு டொக்டரைப் பார்த்தோம். அன்று எண்பத்தெட்டுக் கிலோ. தோலை வெட்டி எடுக்கலாம், ஆனால் இப்போது கூடாது என்றார். உடம்பு இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது, இப்போது வெட்டினால் பிறகு மறுபடியும் தொங்கும், சாப்பாடு போதாத உடம்பில் காயமும் லேசில் ஆறாது. கிழமைக்கு ஒருதரம் நிறுத்து எழுதச் சொன்னார். ஆறு மாதம் நிறை ஒரே இடத்தில் நின்றால் வரலாம் என்றார்.

அதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சரியாகக் காயாத மிளகைக் கட்டிவைத்தால் ஒரு மாதத்தில் சாக்குத் தளர்ந்துவிடும். ஈரத்துக்குக் கழிக்காமல் நான் ஒரு கிலோ வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை பூட்டியிருக்கும் நேரத்தில் அவள் கீழே வருவாள். சாக்கு நிறுக்கும் தராசில் ஏறிச் சுவரைப் பார்த்து நிற்பாள். “எனக்குச் சொல்லாதீங்க, எழுதுங்க” என்பாள். கூடியிருக்குமோ என்று அவளுக்குப் பயம். ஒருநாள் மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “பொஞ்சாதிய மொளகுத் தராசுல நிறுக்கிற ஒரே ஆள் நீங்கதான் மச்சான். ஈரத்துக்குக் கழிச்சிட்டா எழுதுற?” என்று கேட்டார். தராசில் நின்றபடியே அவளும் சிரித்தாள்.

எட்டாவது மாதம், டொக்டர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். மழை பெய்தால் மிளகு நனையும் என்று பயம், வெயிலடித்தால் விலை இறங்கும் என்று பயம். இவர் போனால் வேறு யார் செய்வார்? கொழும்புக்கு எத்தனை தடவை அலைவது? அதற்குள் செலவு இரட்டிப்பானால்? மச்சானின் மனம் மாறினால்?

புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு மாதத்திலேயே குறைந்து, பிறகு எழுபத்தேழில் நின்றுவிட்டதாக எழுதினேன். சந்தேகம் வராமலிருக்க அங்கங்கே அரைக் கிலோ கூட்டினேன், குறைத்தேன். மூன்று பேனை மாற்றினேன். உண்மையில் மாதம் ஒன்றரைக் கிலோ போல இறங்கிக்கொண்டே இருந்தது. கிளினிக்குக்குப் போன அன்றுதான் அது எழுபத்தேழைத் தொட்டது.

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு என்று சிங்களத்தில் சொன்னார். தாதியும் எட்டிப் பார்த்தாள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

மச்சான் ஏழு இலட்சம் கொடுத்தார். ஒப்பரேஷன் நடந்தது. பன்னிரண்டாம் நாள் தையலின் ஒரு மூலை பிரிந்தது. இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டினோம். காயம் ஒருவழியாக மூடியபோது அவள் அறுபத்தெட்டுக் கிலோ. தோல் மறுபடியும் மடிந்து இறங்கியிருந்தது. தழும்புக்குக் கீழே பழைய இடத்திலேயே புண் வந்தது.

அந்த டொக்டர் அதற்குள் போய்விட்டார். வேறொருவரிடம் காட்டினோம். நிறை இறங்கிக்கொண்டிருந்தபோது ஏன் வெட்டினார்கள் என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவிதான் பதில் சொன்னாள். நிறை நன்றாகத்தான் நின்றது, ஒப்பரேஷனுக்குப் பிறகு தான் ஒழுங்காகச் சாப்பிடாததால் இறங்கிவிட்டது, பிழை தன்னுடையது என்றாள்.

அன்றிலிருந்து காலையில் முட்டையைப் பிட்டுப் பிட்டு வாய்க்குள் திணித்தாள். சுருக்கிய வயிறு அதை ஏற்காது. குசினிப் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பாள், வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்காருவாள். பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் பகல், அவள் தொழுது முடித்துக் கதிரையில் இருந்தபோது சொன்னேன்.

“ஒன்ட பிழ இல்ல. நிறை நிக்கவே இல்ல. நிண்ட மாதிரி நான்தான் எழுதின.”

தொழுகைத் துணியை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

“டொக்டருக்குச் சொல்லல்ல, சரி. எனக்கேன் சொல்லல்ல?”

“பயந்துபோய்.”

“நானுந்தான் பயந்த. நீங்க எழுதுறீங்கதானே எண்டுதான் என்ட பயத்த விட்ட.”

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. போய் அணைத்துவிட்டு வந்தேன். அவள் அதே இடத்தில் இருந்தாள்.

இன்னொரு தடவை வெட்ட முடியுமா என்று கேட்டாள். ஒரு வருடம் நிறை அசையாமல் நின்றால் முடியும் என்று அன்று அவள் வெளியே போனபிறகு புது டொக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினாள். நானாவுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க இருக்கிறது, அதையாவது சரியாகச் சொல்லுங்கள் என்றாள்.

ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் என்றேன்.